புதிய வங்கிக் கணக்கு: கேஒய்சி சரிபார்ப்பில் சிக்காமல் முடிப்பது எப்படி?

வேலை கிடைத்துவிட்டது, சம்பளம் போடக் கணக்கு எண் கேட்கிறார்கள். "ஆதாரும் பானும் இருந்தால் அஞ்சு நிமிஷ வேலை" என்று எல்லாரும் சொல்வார்கள். இரண்டிலும் எல்லாம் ஒன்றாக இருந்தால் உண்மையிலேயே அவ்வளவுதான். இல்லாவிட்டால் அலைச்சல். என் விண்ணப்பம் "பெயர் பொருந்தவில்லை" என்ற ஒரே வரியுடன் திரும்பி வந்தது. எந்தப் பெயர், எதோடு பொருந்தவில்லை என்று கவுண்டரில் இருந்தவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்துச் சரி செய்வதற்குள் முதல் மாதச் சம்பளம் அலுவலகத்திலேயே தங்கிவிட்டது.

இந்தக் கட்டுரை இந்தியாவில் வசிப்பவர்கள் தங்கள் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்குவதற்கானது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்குகளுக்கு விதிகள் வேறு. அதை இங்கே தொடவில்லை.

வங்கி கேட்பது அடிப்படையில் இரண்டே கேள்விகள்: நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள். ரிசர்வ் வங்கியின் கேஒய்சி, அதாவது "உங்கள் வாடிக்கையாளரை அறியுங்கள்" விதிகள் முழுக்க இந்த இரண்டுக்கும் தாள் காட்டச் சொல்பவைதான். ஆகவே வங்கிக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைதான் அதிகம்.

1. எந்தக் கணக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அடையாளம் சரிபார்க்க வங்கிக்கு நீங்கள் கட்டணம் எதுவும் தர வேண்டியதில்லை. முதல் டெபாசிட் என்று கேட்கும் தொகை கட்டணம் அல்ல, உங்கள் கணக்கிலேயே இருக்கும். பார்க்க வேண்டியது குறைந்தபட்ச இருப்பு. ஸ்டேட் வங்கி 2020லேயே சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. கனரா வங்கி, இந்தியன் வங்கி போன்றவை 2025ல் எடுத்தன. தனியார் வங்கிகள் பலவற்றில் இன்னும் உண்டு, கிளை இருக்கும் ஊரைப் பொறுத்துத் தொகை மாறும்.

எந்த இருப்பும் வைக்க முடியாது என்றால் "அடிப்படைச் சேமிப்புக் கணக்கு" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஜன்தன் கணக்கும் இந்த வகைதான். இதில் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. முக்கிய நிபந்தனை, அதே வங்கியில் உங்களுக்கு வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது.

2. பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்

பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதிலும் நம் ஊர்க்காரர்கள். காரணம் இனிஷியல்.

செல்வத்தின் மகன் முருகன் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அவர் "செ. முருகன்". ஆதாரில் "முருகன் செ". பான் அட்டையில் "முருகன் செல்வம்", ஏனென்றால் பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் வெறும் இனிஷியல் போட முடியாது. விரித்துத்தான் எழுத வேண்டும். வாக்காளர் அட்டையில் இனிஷியலே இல்லாமல் "முருகன்", கீழே தந்தை பெயர் தனியாக. நான்குமே அவர்தான் என்று நமக்குத் தெரியும். கவுண்டரில் இருக்கும் மனிதருக்கும் பெரும்பாலும் புரியும். ஆனால் ஒப்பிடுவது கணினி. அதற்கு அப்பா பெயரும் தெரியாது, இனிஷியல் என்ற வழக்கமும் தெரியாது.

இனிஷியல் தவிர இன்னும் சில இடங்களில் இடறும்:

- ஆங்கில எழுத்துக்கூட்டல். கயல்விழி என்ற பெயரில் வரும் ழகரத்துக்கு ஓர் அட்டையில் 'இசட் ஹெச்', இன்னொன்றில் வெறும் 'எல்'. கீதா ஓரிடத்தில் 'ஹெச்' சேர்த்து, இன்னோரிடத்தில் சேர்க்காமல்.
- இரட்டைப் பெயர்களில் நடுவே இடைவெளி. சிவகுமார் ஒரே சொல்லா, இரண்டு சொல்லா என்று பாருங்கள்.
- பிறந்த தேதி. பழைய ஆதார் அட்டைகள் சிலவற்றில் வருடம் மட்டும்தான் இருக்கும். பானில் முழுத் தேதி இருக்கும்.
- திருமணமான பெண்களுக்கு ஒன்றில் அப்பாவின் இனிஷியல், இன்னொன்றில் கணவரின் இனிஷியல்.

வேலையை இப்படிச் செய்யுங்கள். ஒரு தாளில் நான்கு பத்திகள் போட்டு ஆதார், பான், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம் என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே, புள்ளி இடைவெளி உட்பட, பார்த்து எழுதுங்கள். மனப்பாடத்திலிருந்து எழுதாதீர்கள். என்ன இருக்கிறது என்று நினைக்கிறோமோ அதைத்தான் கை எழுதும்.

வித்தியாசம் தெரிந்தால் எதை எதற்கு ஏற்ப மாற்றுவது? என் யோசனை, விரித்து எழுதிய பெயருக்கே எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடுங்கள். பானும் பாஸ்போர்ட்டும் இனிஷியலோடு சரிப்பட்டு வராது. விரித்த பெயர்தான் எல்லா அட்டையிலும் உட்காரும். பின்னால் பி.எஃப். கணக்கிலும் ஆதாரில் உள்ள பெயரைத்தான் பார்ப்பார்கள், அங்கேயும் தலைவலி குறையும். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் இருப்பது பற்றிக் கவலை வேண்டாம், வங்கி அதைப் பார்ப்பதில்லை.

திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்தால் எல்லா அட்டையையும் மாற்றி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய பெயரில் உள்ள ஆவணத்தோடு அரசு தரும் திருமணப் பதிவுச் சான்றிதழை வைத்தால் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே சொல்கிறது. வேறு காரணத்தால் பெயர் மாறியிருந்தால் அரசிதழ் அறிவிப்பு. மண்டப ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் செல்லாது. சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ்தான் வேண்டும்.

3. எந்த ஆவணம் செல்லும், எது செல்லாது

அடையாளம், முகவரி இரண்டுக்கும் சேர்த்து ஏற்கப்படும் ஆவணங்கள் ஆறு:

- பாஸ்போர்ட்
- ஓட்டுநர் உரிமம்
- வாக்காளர் அடையாள அட்டை
- ஆதார் வைத்திருப்பதற்கான சான்று, அதாவது ஆதார் அட்டை போன்றவை
- மாநில அரசு அதிகாரி கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை
- தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டிலிருந்து பெயர், முகவரியோடு தரப்பட்ட கடிதம்

இவற்றில் ஒன்று இருந்தால் போதும். அதோடு பான், அல்லது பான் இல்லாதவர்கள் தரும் உறுதிமொழிப் படிவம். படிவம் 60 என்று கேட்டால் எந்தக் கிளையிலும் புரியும்.

ரேஷன் கார்டு இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் எல்லா வேலைக்கும் ஸ்மார்ட் கார்டைக் காட்டிப் பழகிவிட்டோம், அதனால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு வருபவர்கள் அதிகம். கல்லூரி அடையாள அட்டை, அலுவலக அடையாள அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் இவையும் தனியாக நிற்காது. பான் அட்டையில் முகவரி இல்லாததால் அதை மட்டும் வைத்தும் முடியாது.

பான் இல்லாதவர்களுக்கு: வருமான வரித் துறைத் தளத்தில் ஆதார் ஓடிபி வைத்து உடனடி இ-பான் இலவசமாக எடுக்கலாம். வயது 18 முடிந்திருக்க வேண்டும், ஆதாரில் முழுப் பிறந்த தேதி இருக்க வேண்டும், மொபைல் எண் இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே பானிலும் வந்துவிடும், எனவே ஆதாரைத் திருத்துவதாக இருந்தால் அதை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். அச்சிட்ட அட்டை வேண்டுமென்று விண்ணப்பித்தால் 107 ரூபாய். ஏற்கெனவே பான் இருக்கிறதா என்ற சந்தேகத்தில் இன்னொன்று எடுத்துவிடாதீர்கள். இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம் வரலாம்.

எந்த ஆவணமும் இல்லாதவருக்கும் ஒரு வழி இருக்கிறது. வங்கி அதிகாரி முன்னால் கையெழுத்தோ கைரேகையோ வைத்து, புகைப்படம் கொடுத்து "சிறு கணக்கு" தொடங்கலாம். இருப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, ஒரு நிதியாண்டில் வரவு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது, மாதம் 10,000க்கு மேல் எடுக்க முடியாது. 12 மாதம் ஓடும். அதற்குள் ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னொரு 12 மாதம். பல கிளைகளில் இதை அவர்களாகச் சொல்லமாட்டார்கள், கேட்க வேண்டும்.

4. முகவரி: வாடகைக்கு இருப்பவர்கள் கவனிக்க

ஆதாரில் சொந்த ஊர், இருப்பது வேறு ஊரில் மேன்ஷன் அறையிலோ வாடகை வீட்டிலோ. இந்த நிலையில் இருப்பவர்கள்தான் அதிகம். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் போனால் போதும் என்று பொதுவாக நினைக்கிறோம். சாதாரண வாடகை ஒப்பந்தம் கேஒய்சி விதிகளின் பட்டியலில் இல்லை. சில கிளைகள் ஏற்கும், சில மறுக்கும். மறுத்தால் அதற்குமேல் வாதாட இடமில்லை.

தற்போதைய முகவரிக்கு விதி ஏற்பவை இவை: இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாகாத மின்சாரம், தொலைபேசி, போஸ்ட்பெய்டு மொபைல், குழாய் எரிவாயு, குடிநீர் பில்களில் ஒன்று, சொத்து வரி ரசீது, முகவரியுள்ள அரசு ஓய்வூதிய ஆணை, அரசு, பொதுத்துறை நிறுவனம், வங்கி, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் போன்ற வேலையளிப்பவர் வீடு ஒதுக்கிய கடிதம். இவற்றைக் கொடுத்துக் கணக்கு தொடங்கினால், மூன்று மாதத்துக்குள் தற்போதைய முகவரியுள்ள முறையான ஆவணத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

மின்சார பில் வீட்டு உரிமையாளர் பெயரில்தானே வரும் என்பீர்கள். ஆமாம், அதனால் அது உங்களுக்கு உதவாது. உங்கள் பெயரில் இருக்கக்கூடியது போஸ்ட்பெய்டு மொபைல் பில் ஒன்றுதான். கணக்கு தொடங்கும் எண்ணம் இருந்தால் மொபைல் நிறுவனத்திடம் பில்லிங் முகவரியை முதலில் மாற்றிவிடுங்கள். பிரீபெய்டுக்கு இந்த வசதி கிடையாது.

இதையெல்லாம் விடச் சுலபமான வழி ஒன்று உண்டு, கிளையில் இருப்பவர்களுக்கே சில சமயம் நினைவுக்கு வராது. கிளையில் விரல் ரேகை வைத்து ஆதார் இ-கேஒய்சி (தாள் இல்லாமல் ஆதார் பதிவோடு நேரடியாக ஒப்பிடுவது) செய்தால், தற்போதைய முகவரி வேறு என்பதற்கு நீங்கள் எழுதித் தரும் சுய உறுதிமொழியே போதும். படிவத்தில் நிரந்தர முகவரி, தொடர்பு முகவரி என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நிரந்தர முகவரியில் ஆதாரில் உள்ளதையும், தொடர்பு முகவரியில் இப்போது இருக்கும் இடத்தையும் எழுதி, "தற்போதைய முகவரிக்கு சுய உறுதிமொழி தருகிறேன், விதி அனுமதிக்கிறதுதானே" என்று கேளுங்கள். வாடகைக்கு வந்து சில வாரமே ஆனவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

5. ஆதார் திருத்தம்: செலவும் நாளும்

திருத்தம் தேவைப்பட்டால் கணக்கு தொடங்குவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே இறங்குங்கள். பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் 30 நாள் வரை ஆகலாம்.

பெயர், பிறந்த தேதி, முகவரி, மொபைல் எண் மாற்றத்துக்கு 2025 அக்டோபர் முதல் 75 ரூபாய். ரேகை, கருவிழிப் புதுப்பிப்புக்கு 125. இதற்கு மேல் யார் கேட்டாலும் ரசீதைக் கேளுங்கள். ஆதார் மையங்கள் தாலுகா அலுவலகங்களிலும், தபால் நிலையங்கள் பலவற்றிலும், சில வங்கிக் கிளைகளிலும் இருக்கின்றன. தபால் நிலையத்தில் கூட்டம் குறைவு என்பது என் அனுபவம், ஊருக்கு ஊர் மாறலாம்.

பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. அதனால் மையத்தில் ஆபரேட்டர் திரையைத் திருப்பிக் காட்டும்போது அவசரப்படாமல் ஆங்கிலத்தையும் தமிழையும் தனித்தனியாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் அடித்ததும் தமிழில் தானாக வரும், அதில் செல்வம் செலவம் ஆகியிருக்கும்.

முகவரியை மட்டும் மாற்றுவதென்றால் மைஆதார் தளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம். உங்கள் பெயரில் முகவரிச் சான்றே இல்லை, ஆனால் பெற்றோர், கணவன் அல்லது மனைவி அந்த முகவரியில் இருக்கிறார்கள் என்றால் "குடும்பத் தலைவர்" வழியாக விண்ணப்பிக்கலாம். அவர் தன் ஆதார் உள்நுழைவில் 30 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் காலாவதியாகும், கட்டிய பணம் திரும்ப வராது.

மொபைல் எண் பழையதாக இருந்தால் அதை மாற்றாமல் அடுத்த படிக்கே போகாதீர்கள். ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். மையத்துக்கு நேரில் போனால் எண் மாற்ற எந்த ஆவணமும் வேண்டாம், ரேகை போதும்.

6. மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது

*ஆதார் ஓடிபி வழி.* செயலியில் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால் சில நிமிடங்களில் கணக்கு எண் வந்துவிடும். விளம்பரங்களில் காட்டுவது இதைத்தான். ஆனால் இது பாதிக் கணக்கு. இருப்பு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஒரு நிதியாண்டில் வரவு 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஓராண்டுக்குள் முழுக் கேஒய்சி முடிக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். மாதம் 25,000 சம்பளம் வாங்குபவருக்கு எட்டாவது மாதத்தோடு வரவு உச்சவரம்பு முடிந்துவிடும். ஒரே நேரத்தில் ஒரு வங்கியில்தான் இப்படித் தொடங்கலாம் என்பது இன்னொரு நிபந்தனை.

*வீடியோ கேஒய்சி.* வங்கி ஊழியர் நேரலையில் பேசிச் சரிபார்ப்பார். இது கிளைக்கு நேரில் போனதற்குச் சமம், மேலே சொன்ன வரம்புகள் கிடையாது.

*கிளையில் நேரடியாக.* பெயரில் சின்ன வித்தியாசமாவது இருப்பவர்கள், தொடர்பு முகவரி வேறாக இருப்பவர்கள் இதையே தேர்ந்தெடுங்கள். மனிதரிடம் விளக்கலாம், செயலியிடம் முடியாது.

7. கிளைக்குப் போகும் நாள்

அசல்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் மூன்று, நீலம் அல்லது கறுப்புப் பேனா. மொபைலில் சார்ஜ் இருக்கட்டும். மாதத்தின் முதல் வாரத்தைத் தவிருங்கள்; ஓய்வூதியக்காரர்கள் கூட்டம் இருக்கும். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கி விடுமுறை.

நகலில் கையெழுத்துப் போடும்போது வெற்றிடத்தில் போடாமல், "இன்ன வங்கியில் கணக்கு தொடங்க மட்டும்" என்று தேதியோடு குறுக்கே எழுதி அதன்மேல் போடுங்கள். ஆதாரை ரேகை வைத்துச் சரிபார்க்காமல் வெறும் நகலாகக் கொடுத்தால் எண்ணை மறைத்துத்தான் தர வேண்டும். முதல் எட்டு இலக்கங்கள் மறைந்த ஆதாரை மைஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அசலை உங்கள் கண்முன் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். "வச்சுட்டுப் போங்க, நாளைக்கு வாங்கிக்கலாம்" என்றால் சம்மதிக்காதீர்கள்.

அப்புறம் ரேகை. சின்னக் கருவியின் கண்ணாடியில் விரலை வைக்கச் சொல்வார்கள். சிவப்பு விளக்கு எரியும், "பொருந்தவில்லை" என்று வரும். கையைத் துடைத்துவிட்டு வேறு விரல் வைத்துப் பாருங்கள். கட்டைவிரலைவிட ஆள்காட்டி விரல் சிலருக்கு நன்றாக விழும். எந்த விரலும் விழவில்லை என்றால், ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கை (ரேகை, கருவிழிப் பதிவை) பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் எத்தனை முறை வைத்தாலும் விழாது. கட்டட வேலை, பாத்திரம் தேய்க்கும் வேலை செய்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். அதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. முதுமை, உடல்நலக் குறைவு, காயம் காரணமாக ரேகை விழாதவர்களுக்கு ஆதாரின் கியூஆர் குறியீட்டை வைத்தோ வேறு ஆவணத்தை வைத்தோ சரிபார்க்க விதி இடம் தருகிறது.

தமிழில் கையெழுத்துப் போடலாம், தடையில்லை. எப்படிப் போட்டாலும் இனி எப்போதும் அதே மாதிரி போட முடிகிற கையெழுத்தாக இருக்கட்டும்.

படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம், வேறு நாட்டில் வரி கட்டுகிறீர்களா என்பதெல்லாம் கேட்கும். வருமானத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதாதீர்கள். எழுதியதற்கும் பிறகு வரும் பணத்துக்கும் சம்பந்தமே இல்லாவிட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். வாரிசுதாரர் (நாமினி) கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம்.

அதே வங்கியில் கணக்கு வைத்திருப்பவரின் அறிமுகக் கையெழுத்து இப்போது தேவையில்லை. வாசலில் நின்று "நான் போட்டுத் தரேன்" என்று காசு கேட்பவரைக் கடந்து போங்கள். காப்பீடு எடுத்தால்தான் கணக்கு என்று உள்ளே சொன்னால் அதுவும் கேஒய்சியில் சேர்ந்தது இல்லை. சிரித்துக்கொண்டே "இப்போ வேண்டாம் சார்" என்று சொன்னால் போதும்.

8. வீடியோ கேஒய்சி என்றால்

ஜன்னலுக்கு எதிரே உட்காருங்கள், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும். இருப்பிடம் காட்டும் வசதியை மொபைலில் போட்டு வையுங்கள். நீங்கள் இந்தியாவில் இருப்பதை அவர்கள் உறுதி செய்தாக வேண்டும். விபிஎன் இருந்தால் அணையுங்கள். அசல் பான் அட்டை அல்லது இ-பான், ஒரு வெள்ளைத் தாள், பேனா பக்கத்தில் இருக்கட்டும். பான் அட்டையின் நகலைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள்.

ஊழியர் கேள்விகளை வரிசை மாற்றி மாற்றிக் கேட்பார், பதிவு செய்த பழைய வீடியோ இல்லை என்று தெரிந்துகொள்வதற்காக. பக்கத்தில் இருப்பவர் பதிலை எடுத்துக் கொடுத்தால் அழைப்பைத் துண்டித்துவிடுவார்கள், பெற்றோருக்கு உதவி செய்ய உட்காரும் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள். கண் சிமிட்டச் சொல்வார்கள், சிலரால் அது முடியாது. மாற்றுத்திறனாளிகளை அதைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது, வேறு வழியில் சரிபார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அழைப்பு முடிந்ததும் கணக்கு உடனே ஓடாது. இன்னொருவர் அந்தப் பதிவைத் தணிக்கை செய்த பிறகுதான் செயல்படும்.

9. கணக்கு எண் வந்த பிறகு

ஏடிஎம் அட்டையும் காசோலைப் புத்தகமும் தொடர்பு முகவரிக்குத் தபாலில் வரும். பூட்டிய கதவைப் பார்த்துத் தபால்காரர் திருப்பி அனுப்பினால், முகவரி பொய் என்று எடுத்துக்கொண்டு கணக்கை முடக்கும் வங்கிகள் உண்டு. பகலில் ஆள் இல்லாத அறையில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

சில நாட்களில் 14 இலக்கக் கேஒய்சி அடையாள எண் ஒன்று குறுஞ்செய்தியில் வரும். அதை அழித்துவிடாதீர்கள். அடுத்த வங்கியிலோ மியூச்சுவல் ஃபண்டிலோ அந்த எண்ணைக் கொடுத்தால், விவரம் எதுவும் மாறாத வரை மையப் பதிவேட்டிலிருந்தே உங்கள் ஆவணங்களை எடுத்துக்கொள்ளலாம்.

புதுக் கணக்கு திறந்தவர்களைக் குறிவைத்து இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். "உங்கள் கேஒய்சி இன்றோடு முடிகிறது" என்று இணைப்போ ஏபிகே கோப்போ (மொபைலில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்புபவர்கள் ஒரு வகை. எந்த வங்கியும் வாட்ஸ்அப்பில் செயலி அனுப்பாது. இன்னொரு வகைதான் ஆபத்து அதிகம்: "உன் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் கொடு, வர்ற பணத்துல கமிஷன் தரேன்" என்பவர்கள். விடுதிகளில் சக மாணவர் மூலமாகவே வரும். அந்தப் பணம் யாரையாவது ஏமாற்றி எடுத்ததாக இருக்கும், போலீஸ் முதலில் வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம். அட்டையும் சிம்மும் கொடுத்துவிட்டிருந்தால் உடனே வங்கியில் முடக்கச் சொல்லிவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

மறு கேஒய்சி எல்லாருக்கும் வரும். வங்கி உங்களை வைத்திருக்கும் ஆபத்து வகையைப் பொறுத்து 2, 8 அல்லது 10 ஆண்டுக்கு ஒரு முறை. சாதாரணச் சம்பளக்காரர் பெரும்பாலும் 10 ஆண்டு வகை. எதுவும் மாறவில்லை என்றால் செயலியிலோ மின்னஞ்சலிலோ ஒரு சுய உறுதிமொழி போதும், ஆவணம் எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம்.

10. மறுத்துவிட்டால்

வாயால் சொன்ன "முடியாது" என்பதோடு திரும்பி வராதீர்கள். விண்ணப்பத்தை மனம்போன போக்கில் நிராகரிக்கக் கூடாது, காரணத்தை அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. "காரணத்தை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் பாதி நேரம் அங்கேயே வழி பிறந்துவிடும். எனக்கு அப்படித்தான் கிளை மேலாளர் தலையிட்டு, பானில் இருப்பது விரித்த இனிஷியல்தான் என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு முடித்துக் கொடுத்தார்.

அதுவும் நடக்காவிட்டால் வங்கியின் தளத்தில் புகார் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம், அவர்களுடைய புகார்த் தளமான சிஎம்எஸ்ஸில் இலவசமாகப் புகார் செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. விவரம் கேட்க 14448. நேராகக் குறைதீர்ப்பாளரிடம் போனால் முதலில் வங்கியைக் கேட்டீர்களா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், எனவே புகார் எண்ணும் தேதியும் கையில் இருக்கட்டும். அந்த ஒரு மாதம் சம்பளம் நிற்கும் நிலை என்றால், புகாரை ஓடவிட்டுவிட்டு வேறு வங்கியில் விண்ணப்பித்துவிடுங்கள்.